ஜோடிக் கணக்கு

எங்கள் வீட்டில் ஆட்களை எண்ணும் வழக்கம் கிடையாது. ஜோடிகளைத்தான் எண்ணுவார்கள். அதற்குக் காரணம் கடை. கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே செருப்புக் கடை நடத்தும் என் அண்ணனுக்கு எதைப் பார்த்தாலும் இடது, வலது என்றுதான் கண்ணில் படும். கடை சாத்தும் முன் அலமாரி அலமாரியாக விரலை நீட்டி ஜோடி ஜோடியாக எண்ணுவார். கால் மாறிப் போனது, துணை தொலைந்தது, ஒரு பக்கம் மட்டும் வெயிலில் வெளுத்தது, இவையெல்லாம் அவர் கணக்கில் சேராது. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மரப்பெட்டியில் தூக்கிப் போட்டுவிட்டு அதோடு மறந்துவிடுவார்.

அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் என் இடம். ஒரு சின்ன மேஜை, ஒரு தையல் மெஷின், ஊசி, மெழுகு நூல், பசை டப்பா, நாலைந்து சுத்தியல். அறுந்த வாரைத் தைப்பது, அடிப்பாகம் மாற்றுவது, குதிகாலை உயர்த்துவது எல்லாம் என் வேலை. பெட்டியில் கிடப்பதையும் நான் சும்மா விடமாட்டேன். ஒரு கால் பெரிசு, ஒரு கால் சிறிசு என்று எத்தனை பேர் நடமாடுகிறார்கள் என்பது செருப்புக் கடையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். கடிக்கிற செருப்போடு காலத்தைத் தள்ளுவார்கள், பாவம். நான் பெட்டியைக் கிளறி, இடதுக்கு ஒன்றும் வலதுக்கு ஒன்றுமாகப் பொறுக்கி, ஒரே சாயம் அடித்துக் கொடுப்பேன். சாயங்காலமானால் என் மேஜைக்கு முன்னால் வரிசை நிற்கும். அண்ணன் அதை வியாபாரம் என்று ஒப்புக்கொள்ளவே மாட்டார். பாப்பா ஏதோ பொழுதைப் போக்கிக்கொண்டிருக்கிறாள் என்பார். நாற்பதைத் தாண்டிய பாப்பா.

எனக்கும் ஒரு காலத்தில் கல்யாணம் நடந்ததுதான். அவருக்கு என் வாய் பிடிக்கவில்லை, எனக்கு அவர் கை ஓங்குவது பிடிக்கவில்லை. ஒரு வருடத்திலேயே துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அழுதுகொண்டு வந்தேன் என்று சொந்தக்காரர்கள் கதை கட்டினார்கள். அழவெல்லாம் இல்லை, வழியில் நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தேன். வந்த கையோடு முதல் சம்பாத்தியத்தில் அந்த மெஷினை வாங்கினேன். கடைக்கு மேலே மாடியறையில் படுக்கை, கீழே மேஜையில் வேலை. இதைவிட நல்ல வாழ்க்கை ஒன்று இருப்பதாக யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அதனால், இந்த விடுமுறைக்குக் குடும்பத்தோடு தெற்கே ஓர் ஆற்றங்கரை நகரத்துக்குப் போகிறோம் என்று அண்ணன் அறிவித்தபோது எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். கடையை ஒரு நாள் சாத்தினாலே வயிறு எரிகிற மனிதர், ஒரு வாரத்துக்குச் சாத்திவிட்டு ஊர் சுற்றலாம் என்கிறார். எனக்கோ சந்தோஷத்தில் புத்தி மழுங்கிவிட்டது. அந்த நகரத்தைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருந்தேன். தெரு முனைக்குத் தெரு முனை பாட்டு, பகலிலேயே ஆட்டம், ஆற்றில் சக்கரம் வைத்த பெரிய படகு. ஆடுகிறவர்கள் என்ன செருப்புப் போட்டு ஆடுவார்கள் என்பதுதான் எனக்கு ரொம்ப நாளைய யோசனை.

புறப்பட்ட கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனும் பெரியண்ணியும் ஒரு ஜோடி. சின்னண்ணனும் சின்னண்ணியும் ஒரு ஜோடி. அண்ணன் மகனும் அவனுக்குப் புதிதாக வந்த மனைவியும் ஒரு ஜோடி. சின்னண்ணனுடைய மகள்கள் இரட்டைப் பிள்ளைகள், அளவும் நிறமும் ஒன்றாக இருப்பதால் அண்ணன் மனசுக்கு மிகவும் பிடித்த ஜோடி. வேனில் ஏறும்போதும் இறங்கும்போதும் அண்ணன் விரலை நீட்டி, நாலு ஜோடி, சரி என்பார். நான் எப்போதும் கடைசியில், தண்ணீர்ப் பாட்டில் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன்.

விடுதியிலும் இதே கதைதான். இருவர் தங்கும் அறைகள் நான்கு. என்னை எங்கே போடுவது என்று வரவேற்பறைப் பெண் கேட்டபோது, அதுவரை தோன்றவே இல்லை என்பது அண்ணன் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. கடைசியில் இரட்டைப் பிள்ளைகளின் அறையில், ஜன்னலுக்குக் கீழே தரையில் ஒரு மெத்தை விரித்தார்கள். நல்ல ஜன்னல் அது. எட்டிப் பார்த்தால் தெரு முழுக்க இரும்புக் கம்பி வைத்த மாடி முகப்புகள், அதற்குக் கீழே யாரோ ஊதுகுழல் பழகும் சத்தம். தரையில் படுப்பதைப் பற்றி எனக்குப் புகார் ஒன்றும் இல்லை. கேட்காமல் படுக்க வைப்பதுதான் எரிச்சல்.

அன்று சாயங்காலம் பெரியண்ணி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, ஒரு பச்சைப் புடவையை எடுத்துப் போட்டு இஸ்திரி போட ஆரம்பித்தார். புடவை அவருடையது அல்ல, புதுசு. எனக்காம். பெரியண்ணியின் வாயில் எதுவும் தங்காது. அண்ணன் எச்சரித்துத்தான் வைத்திருப்பார், ஆனாலும் மடிப்பு முடிவதற்குள் வெளியே வந்துவிட்டது.

"கோவிச்சுக்காத பாப்பா. நாளைக்குச் சாயங்காலம் ஒருத்தரு நம்மளச் சாப்பிடக் கூப்பிட்டிருக்காரு. உன்னப் பாக்கத்தான்."

யார் என்று கேட்டேன். கடைக்குத் தோல் அனுப்புகிறவர், இந்த ஊரில் மொத்த வியாபாரம், மனைவி இறந்து சில வருடமாகிறது, நல்ல மனிதர், அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார். கல்யாணமானால் நான் இங்கேயே இருந்துவிடலாம். மாடியறை மகனுக்கும் மருமகளுக்கும். என் மேஜை இருக்கும் இடத்தில் ஓட்டப்பந்தய ஷூக்களுக்குக் கண்ணாடி அலமாரி. இதெல்லாம் அண்ணி ஏதோ ரயில் நேரம் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனார்.

"என்னக் கேக்காமயா அண்ணி?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லுவே. அதனாலதான் கேக்கல."

இதில் இருந்த நேர்மையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் விஷயம் புரிந்தது. ஒரு மனுஷியை ஊர் பார்க்கலாம் வா என்று கூட்டி வந்து, இறக்கி வைத்துவிட்டுப் போகத் திட்டம். அண்ணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். தனியாகவே இருந்துவிட முடியுமா, அண்ணனுக்கு அந்தக் கவலைதான் என்றார். கவலை யாருக்கு வேண்டுமானாலும் இருக்கட்டும், அறையும் மேஜையும் எனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அண்ணனிடம் நேரே போய்க் கேட்டிருப்பேன். அவர் மகனோடு வெளியே போயிருந்தார். திரும்பி வந்தவர் தலைவலி என்று கதவைச் சாத்திக்கொண்டார். என் வாய்க்குப் பயந்த தலைவலி.

மறுநாள் காலையில் ஊரைச் சுற்றினோம். சுற்றினோம் என்பதைவிட ஓட்டப்பட்டோம் என்பதுதான் சரி. ஒவ்வோர் இடத்திலும் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், மகன் எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுப்பான், நாலு ஜோடி சரி, அடுத்தது. என்னோடு தனியாக நிற்கும் நிலைமை வராதபடி அண்ணன் மிகவும் சாமர்த்தியமாக நடந்துகொண்டார். நான் வலப்பக்கம் வந்தால் அவர் இடப்பக்கம். ஆனால் ஊர் என்னவோ அவருக்கு அடங்குகிற ஊர் இல்லை. மூலைக்கு மூலை மேளமும் ஊதுகுழலும். கடைக்காரர்கள் சில்லறை கொடுத்துக்கொண்டே இடுப்பை ஆட்டினார்கள். வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் தாளத்துக்குத்தான் துடைத்தாள். இந்தக் கோபத்திலும் எனக்கு அந்த ஊரைப் பிடித்துப் போனது, என்ன செய்ய?

படகுத்துறையில்தான் அது நடந்தது. பெரிய வெள்ளைப் படகு, பின்னால் சிவப்புச் சக்கரம். ஏறும் பலகைக்குப் பக்கத்தில் ஒரு வாத்தியக் கூட்டம் வாசித்துக்கொண்டிருந்தது. இரட்டைப் பிள்ளைகள் படம் எடுக்க என் போனை வாங்கிக்கொண்டு முன்னால் ஓடின. நான் மேளக்காரனின் காலைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். அவன் வலது காலால் ஒரு மிதிக்கட்டையை மிதித்துப் பெரிய மேளத்தை அடித்தான். அதனால் வலது செருப்பின் முன்பக்கம் மட்டும் தேய்ந்து வாயைப் பிளந்திருந்தது. இடது புத்தம் புதிசு. இவனுக்கு வருடத்துக்கு நாலு வலது, ஒரு இடது தேவைப்படும், யார் கொடுப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பின்னால் அண்ணன் குரல் கேட்டது. நாலு ஜோடி, சரி, ஏறுங்க.

பாட்டு முடிந்து திரும்பிப் பார்த்தபோது பலகையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஓடினேன். காவலாளி கையை விரித்துவிட்டார், படகு கிளம்பினால் கிளம்பினதுதானாம், சுற்றிவிட்டு இங்கேயே வரும், காத்திருங்கள் என்றார். படகு மெல்ல விலகியது. நான் கரையோரமாக நின்று கையை ஆட்டினேன், அண்ணே என்று கத்தினேன். ஊதுகுழல் சத்தத்தில் யார் காதில் விழும்? மேல்தளத்தில் எல்லோரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். சின்னண்ணி என்னைப் பார்த்தார். பார்த்து, இரண்டு கைகளையும் தூக்கிச் சிரித்துக்கொண்டே ஆட்டினார். இரட்டைப் பிள்ளைகளும் ஆட்டின. கரையில் நிற்கும் எல்லோருக்கும் படகில் போகிறவர்கள் கை காட்டுவார்களே, அந்தக் கை. அண்ணன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார்.

அழுகை வந்தது. அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. படகு தவறிப் போனதற்கு அல்ல, நான் இல்லாதது எவருக்கும் குறையாகப் படாமல் போனதற்கு. அண்ணன் எண்ணிப் பார்த்திருக்கிறார், கணக்குச் சரியாக வந்திருக்கிறது. என்னை அந்தப் பெட்டியில் போட்டு எத்தனை காலமாகிறது என்று அங்கே நின்றபோதுதான் உறைத்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தேன். பிறகு எனக்குப் பயங்கரமான கோபம் வந்தது, கோபத்தோடு கூடவே ஒரு யோசனையும் வந்தது. படகு திரும்பி வரும் வரை என்னை யாரும் எங்கேயும் ஓட்ட முடியாது. இந்த ஊர் இப்போது எனக்கு.

முதலில் அந்த வாத்தியக் கூட்டத்தின் பின்னாலேயே நடந்தேன். அவர்கள் பெரிய மேளத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, துறையை விட்டு ஊருக்குள் வாசித்துக்கொண்டே போனார்கள், ஜனங்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். பழக்கூடைக்காரி ஒருத்தி, என்னைவிட இரண்டு மடங்கு இருப்பாள், கூடையைக் கடைவாசலில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு ஆடத் தெரியாது என்றேன். தெரிந்தவர்களை நான் கூப்பிடுவதில்லை என்றாள். ஆடினேன். எப்படி ஆடினேன் என்று கேட்காதீர்கள், பார்த்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மேளக்காரனின் வாய்பிளந்த செருப்புக்கு முன்னால் என் செருப்பும் தரையில் தட்டியது. ஒரு திருப்பத்தில் என் இடது வார் பட்டென்று அறுந்தது.

வாசற்படி ஒன்றில் உட்கார்ந்து கைப்பையிலிருந்து ஊசியும் மெழுகு நூலும் எடுத்தேன். மற்றவர்கள் கைப்பையில் சீப்பு இருக்கும், என் பையில் இது. தைத்து முடிப்பதற்குள் பக்கத்தில் நின்ற பழக்கூடைக்காரி பேசாமல் தன் செருப்பைக் கழற்றி நீட்டினாள். அதையும் தைத்தேன். ஒரு பழத்தைக் கொடுத்தாள், உரித்துத் தின்றேன். எனக்குத் தெரிந்த வேலை இந்தத் தெருவிலும் செல்லும் என்று தெரிந்ததும் எனக்குப் பயம் விட்டுப்போனது. செருப்பைப் போட்டுக்கொண்டு எழுந்து, தோல் மண்டித் தெரு எங்கே என்று அவளிடம் கேட்டேன்.

முகவரி எனக்கு மனப்பாடம். கடைக்கு வரும் ஒவ்வொரு தோல் கட்டின் மேலும் அந்த முத்திரை இருக்கும். கட்டைப் பிரிப்பது நான்தானே. சாயங்காலம் பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, எட்டுப் பேருக்கு நடுவில் உட்கார்ந்து மென்று முழுங்குவதைவிட, இப்போதே நேரில் போய்ச் சொல்வது மேல் என்று தோன்றியது. துணிச்சல் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். எனக்கு அது சாதாரண மரியாதையாகத்தான் பட்டது.

கிடங்கின் உள்ளே நுழைந்ததும் வாசனை என்னை வரவேற்றது. பதப்படுத்திய தோல், எண்ணெய், சாயம். என் மேஜையின் வாசனைதான், கொஞ்சம் பெரிய அளவில். தோல்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஒரு பழுப்புத் தோலை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, சாயம் ஏறிய நகங்கள். நான் யாரென்று சொன்னதும் பதறி, சட்டையின் மேல்பொத்தானைப் போட்டு, நாற்காலியைத் துடைத்து, சாயங்காலம்தானே வருவதாகச் சொன்னார்கள் என்றார். பார்த்தால் பாவமாக இருந்தது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எங்கண்ணன் என்னப் பத்தி உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

அவர் கண்ணாடியை இறக்கினார், மறுபடி ஏற்றினார். நான் வேலை செய்து சலித்துப் போய்விட்டேனாம். இனிமேல் ஓய்வாக ஒரு வீட்டில் இருக்க ஆசையாம். இந்தக் கல்யாணத்தில் எனக்கு முழுச் சம்மதமாம்.

"மெஷினக்கூட வித்துடச் சொல்லிட்டீங்கன்னாரு. ஆள் பாத்தாச்சு, ஊருக்குத் திரும்பினதும் வந்து தூக்கிட்டுப் போவாங்கன்னாரு. அதக் கேட்டப்போ எனக்கே கொஞ்சம் வருத்தமாத்தான் இருந்துச்சு."

காதுக்குள் ஏதோ கொதித்தது. அறையை எடுத்துக்கொள்வது, மேஜையை எடுப்பது, இதெல்லாம் பேச்சு. மெஷினுக்கு ஆள் பார்ப்பது என் பிழைப்பிலேயே கை வைப்பது. என் காசில் வாங்கிய மெஷின் அது. இவரிடம் கத்துவதில் நியாயமில்லை.

"நான் சலிக்கலீங்க. ஊருக்குப் போனதும் தைக்க வேண்டியது மேஜை மேல குவிஞ்சு கெடக்கு. உங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல, உங்க தோல் மேலயும் இல்ல. ஆனா எனக்குக் கல்யாணம் வேணாம். நான் தனியா இருக்கறது எனக்குப் புடிச்சிருக்கு."

தோல்காரர் விரித்து வைத்த தோலை மெதுவாகச் சுருட்டினார். அவருக்கு வலித்தது, நன்றாகவே தெரிந்தது. பிறகு, நேரில் வந்து சொன்னது நல்லது, சாயங்காலம் எல்லோர் முன்னாலும் தெரிந்திருந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன் என்றார். சாப்பாடு சொல்லியாகிவிட்டது, கல்யாணப் பேச்சு இல்லாமல் எல்லோரும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றும் சொன்னார். வருகிறேன் என்றேன். வாசல் வரை வந்து, போன தடவை அனுப்பிய கறுப்புத் தோல் ஊசிக்கு எப்படி இருந்தது என்று கேட்டார். ஓரத்தில் கொஞ்சம் விறைப்பு, மற்றபடி அருமை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

படகுத்துறைக்கு நான் திரும்பி வந்து பழச்சாறு வாங்கிக் குடித்து முடித்த பிறகுதான் படகு வந்து சேர்ந்தது. பலகையை இறக்கினார்கள். முதலில் அண்ணன் இறங்கி ஓரமாக நின்றுகொண்டார். ஒவ்வொருவராக இறங்க, விரலை நீட்டினார். நான் அவருக்கு நேர் எதிரே, கை எட்டும் தூரத்தில் நின்றேன். நாலு ஜோடி, சரி என்றார். அதற்குப் பிறகுதான் என்னைப் பார்த்தார்.

கூட்டத்தில் தொலைந்துவிடாமல் கூடவே வா என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. படகில் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று கேட்டேன். கீழ்த்தளத்தில் இருந்திருப்பாய் என்றார் சின்னண்ணன். மேல்தளத்தில் என்று நினைத்ததாகச் சொன்னான் அண்ணன் மகன். சின்னண்ணிதான் மெல்ல வாயைப் பொத்திக்கொண்டார்.

"கரையில ஒருத்தி கைய ஆட்டினாளே. நான்கூட டாட்டா காட்டினேன். அது நீயா?"

நான்தான் என்றேன். ஊரைச் சுற்றினேன், தெருவில் ஆடினேன், செருப்புத் தைத்தேன், தோல்காரரைப் போய்ப் பார்த்தேன், கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். தெருவில் ஆடியதைக் கேட்டு இரட்டைப் பிள்ளைகள் கண்ணை விரித்தன. அண்ணன் முகம் கறுத்தது.

"யாரக் கேட்டுப் போன?"

"நீங்க யாரக் கேட்டு வாக்குக் குடுத்தீங்க?"

அண்ணன் குரல் உடைந்தது. அவர் கோபப்பட்டால் சமாளிப்பேன், உடைந்தால் எனக்குக் கஷ்டம். எல்லாம் உன் நல்லதுக்குத்தான், எனக்கப்புறம் உனக்கு யார் இருக்கிறார்கள், தனியாக எப்படி இருப்பாய் என்றார். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார். அதனால்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

"படகு போய்ட்டு வர்ற வரைக்கும் தனியாத்தாண்ணே இருந்தேன். ஒரு கொறையும் வரல. நீங்க கவனிக்கவே இல்ல."

மகன் வேன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, மீதியை விடுதியில் பேசிக்கொள்ளலாம் என்றான். கண்ணாடி அலமாரி அவன் யோசனை என்பது எனக்குத் தெரியும். நான் அசையவில்லை. மெஷின் என்னுடையது, அதற்கு ஆள் பார்த்தவருக்கு இப்போதே போன் செய்து வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்றேன். கடை தன்னுடையது என்றார் அண்ணன். சரி, கடை உங்களுடையதாகவே இருக்கட்டும், எதிர் வரிசையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, என் மேஜையைப் போட அது போதும், சாயங்கால வரிசையும் என்னோடுதான் வரும் என்றேன். கடைக்குள் நுழைகிறவர்களில் பாதிப் பேர் அந்த வரிசைக்கு வருகிறவர்கள் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? ஒப்புக்கொண்டதில்லை, அவ்வளவுதான்.

அப்போது பெரியண்ணி வேனுக்குள்ளிருந்து இறங்கினார். முதல் ஆளாக ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், மூட்டுவலியோடு மெல்ல இறங்கி, அண்ணனுக்குப் பக்கத்தில் போகாமல், என் பக்கத்தில் வந்து நின்றார்.

"போன் பண்ணுங்க. அந்தப் பொடவைய நானே கட்டிக்கிறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அண்ணி அவரை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. அண்ணன் அண்ணியைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார், போனை எடுத்தார். முதுகைத் திருப்பிக்கொண்டுதான் பேசினார். இருந்தாலும் கேட்டது. விற்கவில்லை, அந்த மெஷின் வேலையில் இருக்கிறது என்றார். நான் செய்வதை அவர் தன் வாயால் வேலை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு மட்டுமே அது தெரிந்தது, மற்றவர்களுக்கு அது ஒரு போன் பேச்சு.

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போதுமா, ஏறு என்றார். வேன் டிரைவர் ஒரு தடவை ஹாரன் அடித்தார். பின்னால் வேறு வண்டிகள் காத்திருந்தன.

"எண்ணுங்கண்ணே. எண்ணினாத்தான் ஏறுவேன்."

"எண்ணியாச்சு. நாலு ஜோடி..."

"ஜோடி வேணாம். ஆளா எண்ணுங்க."

என்ன பிடிவாதம் இது என்று சின்னண்ணன் முணுமுணுத்தார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னையும் ஆளாகவே எண்ணச் சொல்லு என்றார் என்னிடம், அண்ணனுக்குக் கேட்கும்படி. டிரைவர் மறுபடியும் ஹாரன் அடித்தார். துறையில் நின்ற ஜனங்கள் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். வாத்தியக் கூட்டமும் திரும்பி வந்திருந்தது, மேளக்காரன் மிதிப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான்.

அண்ணன் தன் மார்பைத் தொட்டு ஒண்ணு என்றார். அண்ணியைக் காட்டி ரெண்டு. சின்னண்ணன், சின்னண்ணி, மகன், மருமகள். இரட்டைப் பிள்ளைகளில் மூத்தவளைக் காட்டி ஏழு என்றதும் அவள் பெருமையாக நிமிர்ந்தாள். இளையவள், தான் எட்டு என்று அவளே சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு விரல் என் பக்கம் வந்து நின்றது. இத்தனை வருடம் கடையில் எண்ணிய விரல், அதற்கு மேலே போகப் பழக்கமில்லாமல் அப்படியே நின்றது. நான் தலையைக் குனியவில்லை. அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஒம்பது" என்றார், உதட்டுக்குள்ளேயே.

"கேக்கலண்ணே."

"ஒம்பது" என்றார், படகுத்துறை முழுக்கக் கேட்கும்படி.

அதற்குப் பிறகுதான் ஏறினேன். தண்ணீர்ப் பாட்டில் பையை அண்ணன் தூக்கிக்கொண்டு வந்தார்.